கப்பல் வாணமும் காலி அண்டாவும்

மனைவி சொன்னதைத் தவிர வேறு எதை வேண்டுமானாலும் செய்வது என்று பூவராகவன் சங்கற்பம் செய்துகொண்டது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்து சித்திரையில், ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. செஞ்சிக் கடைத்தெருவில் கயிறும் வாளியும் அரிக்கேன் விளக்கும் விற்கிறவர் அவர். கடையில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது, ஏனென்றால் கடையில் அவரைத் தவிர ஆள் கிடையாது. கடைக்குப் பின்னாலேயே வீடு. நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவைத் தாண்டினால் ராஜ்யம் நீலாவதியுடையது.

அன்று காலை நீலாவதி அடுப்படிப் பரணைச் சுத்தம் செய்ய ஏறியிருந்தாள். பழைய புளிப்பானைக்குப் பின்னாலிருந்து ஒரு தகரப் பெட்டி வந்தது. திறந்து பார்த்தவள் மெதுவாக, மிக மெதுவாக, ஏணியை விட்டு இறங்கினாள்.

"இன்னாங்க இது?"

"எது?"

"பரண்ல இருந்தது. அடுப்புக்கு நேர் மேல."

"ஓ, அதுவா? கப்பல் டார்ச்சு."

மூன்று வருஷத்துக்கு முன் கடலூர் துறைமுகத்தில் ஒரு பழைய படகின் சாமான்களை ஏலம் விட்டார்கள். பூவராகவன் கயிற்றுக்காகப் போனார். கயிறு தனியாகக் கிடையாது, குவியலாக எடுத்தால் எடு, இல்லாவிட்டால் நடையைக் கட்டு என்றான் ஏலக்காரன். குவியலோடு வந்ததுதான் இந்தப் பெட்டி. உள்ளே முழ நீளத்தில் பன்னிரண்டு சிவப்புக் குழல்கள். ஒவ்வொன்றின்மேலும் ஓர் ஆள் கையைத் தூக்கி வெளிச்சம் காட்டுகிற மாதிரி படம். வெளிச்சம் வருகிறது, ஆகவே டார்ச்சு. பாட்டரி போடுகிற இடம் தெரியவில்லை, ஆகவே பரண். பூவராகவனின் தர்க்க சாஸ்திரம் அவ்வளவுதான்.

நீலாவதி திண்டிவனம் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவாள். கூட்டினாள்.

"டார்ச்சு இல்லிங்க. வாணம். கப்பல் முழுகறப்போ, காப்பாத்துங்கன்னு மேல விடற வாணம். தேதி போட்டிருக்குது பாருங்க. அம்பத்தொம்போதுல செஞ்சது. மூணு வருஷத்துக்கு மேல வெச்சிருக்கக் கூடாதாம்."

"அதான் ஆறு வருஷம் ஆயிடுச்சே. செத்துப் போயிருக்கும். இனிமே இன்னா பயம்?"

"காலாவதியான மாத்திரை வேலை செய்யாது. காலாவதியான வெடிமருந்து எப்ப வேலை செய்யும்னு அதுக்கே தெரியாது."

பூவராகவனின் கண் அடுப்பைப் பார்த்தது. அதிலிருந்து பரணைப் பார்த்தது. பரணுக்கு அந்தண்டை அறையில் உத்தரத்திலிருந்து இன்னும் தொங்கிக்கொண்டிருந்த கயிற்றைப் பார்த்தது. அது தூளிக் கயிறு. மகள் சாரதா தலைப்பிரசவத்துக்கு வந்து ஐந்து மாதம் இருந்தபோது பேத்திக்காக அவரே திரித்துக் கட்டியது. குழந்தை கடலூருக்குப் போய் ஏழு மாதமாகிறது. கயிற்றை அவிழ்க்க அவருக்கு மனசு வரவில்லை. அந்தக் குழந்தை தூங்கிய இடத்துக்கும் இந்தப் பெட்டி இருந்த இடத்துக்கும் நடுவில் ஒரு மண்சுவர். ஐந்து மாதமும் காலையும் மாலையும் அடுப்பு எரிந்திருக்கிறது. பக்கத்து வீட்டு ரத்தினம்மாள் கொல்லையிலோ, மல்லாட்டை என்று செஞ்சிப் பக்கம் சொல்கிற நிலக்கடலை மூட்டை மூட்டையாக, காய்ந்த தோலோடு. பூவராகவனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இதை அவர் யாரிடமும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

"போலீஸ் டேசன்ல எழுதிக் குடுத்துடுங்க. யாருக்குச் சொல்லணுமோ அவங்க சொல்லுவாங்க."

"டேசனா? கயித்துக்கடைக்காரன் டார்ச்சுன்னு நெனச்சு வெடி வாங்கி அடுப்பு மேல வெச்சான்னு ஊரே சிரிக்கவா?"

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. வெடிச்சா யாரும் சிரிக்க மாட்டாங்க."

"நீ பேசாம இரு. எனக்குத் தெரியும் இன்னா செய்யணும்னு."

சங்கற்பம் நடந்தது அந்த நிமிஷத்தில்தான்.

செய்ய வேண்டியதும் அவருக்குத் தெரிந்தேதான் இருந்தது. செஞ்சியைச் சுற்றி எந்தக் கோயில் திருவிழா முடிந்தாலும் மிச்சமான வாணத்தையும் புஸ்வாணத்தையும் மாட்டுத் தொட்டியில் ஊறப்போடுவார்கள். மறுநாள் அது களிமண். நனைந்த மருந்து பிணத்துக்குச் சமம் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். பன்னிரண்டு குழலையும் கொல்லையில் பெரிய கொப்பரையில் போட்டு, கழுத்து மட்டும் தண்ணீர் ஊற்றி, மேலே பலகை போட்டு மூடினார். மூடிவிட்டு நீலாவதியை ஒரு பார்வை பார்த்தார். தேசிங்கு ராஜா யுத்தத்துக்குக் கிளம்பும்போது அப்படிப் பார்த்திருக்கலாம். அந்த யுத்தம் என்னவாயிற்று என்பது செஞ்சியில் எல்லாருக்கும் தெரியும்.

ஆனால் பயம் தண்ணீரில் ஊறவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு சிங்கவரம் போனார். அங்கே உத்திராபதி இருக்கிறார். சுற்றுவட்டாரத் திருவிழாக்களுக்கெல்லாம் வாணம் கட்டுகிறவர். வலது கையில் மூன்று விரல்தான்.

"என் சிநேகிதன் ஒருத்தன். பனமலைக்காரன். அவன் வூட்ல கப்பல் வாணம் இருக்குதாம். பழசு. தண்ணில ஊறப்போட்டிருக்கானாம். சரியாப் பூடும் இல்ல?"

உத்திராபதி சிரிக்கவில்லை. "கடல்ல எரியணும்னு செஞ்சது அது. மழையில, அலையில, கப்பல் பாதி முழுகின பெறவும் எரியணும்னு மெழுகு பூசி அடைச்சிருப்பான். அதைக் கொப்பரையில போட்டா இன்னா ஆவும்? குளிச்சுட்டு வரும்."

"கொப்பரைன்னு நான் சொல்லலியே?"

"எல்லாரும் அதுலதான் போடுவாங்க."

"சரி, கோட்டைக்குப் பின்னால பாறையில வெச்சுக் கொளுத்திட்டா? அங்க எரியறதுக்கு இன்னா இருக்குது?"

உத்திராபதி வலது கையை நீட்டினார். "இது புது மருந்துல போனது. பழைய மருந்து மேல போவுமா, பக்கத்துல போவுமான்னு எனக்கே சொல்லத் தெரியாது. இந்த வெயில்ல மலையில காய்ஞ்ச புல்லு வேற. ஒண்ணு சாஞ்சு விழுந்தா அணைக்கறதுக்கு யாரு இருக்கா?"

"பொதைச்சுட்டா?"

"அடுத்த வருஷம் எவனாவது ஏர் ஓட்டுவான். அவனுக்கும் பொண்டாட்டி புள்ளை இருக்கும்."

"குளத்துல போட்டா?"

"மீன் பிடிக்கறவன் வலையில வரும்." உத்திராபதி மூன்று விரலால் பீடியை அணைத்தார். "வாணம் கட்டற என்னாலயே இதுல கை வெக்க முடியாது. இது கடல்காரங்க சமாச்சாரம். துறைமுக ஆபீஸ்ல குடுக்கணும். அவங்க ஆள் வெச்சு, மணல் வெச்சு, முறைப்படி செய்வாங்க. உங்க சிநேகிதர்கிட்ட சொல்லுங்க. அவருக்கு வேர்வை இப்படி ஊத்துதே, பாவம்."

துறைமுக ஆபீஸ் என்ற வார்த்தையைக் கேட்டதும் பூவராகவன் சைக்கிளைத் திருப்பிவிட்டார். வெடிமருந்துக்குப் பயந்து அல்ல. கடலூர் துறைமுக ஆபீஸின் ஸ்டோர் கீப்பர் தாண்டவராயன். தாண்டவராயன் அவருடைய சம்பந்தி.

இங்கே ஒரு அண்டாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சாரதாவின் கல்யாணப் பந்தியில் எல்லா இலைக்கும் பாயசம் வந்தது. தாண்டவராயன் இலையருகே வந்தபோது பரிமாறுகிறவன் கரண்டியை விட்டுத் துழாவினான். அண்டா காலி. சம்பந்தி ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. எழுந்து கை கழுவிக்கொண்டே, "செஞ்சில கோட்டை பெரிசு, அண்டா சிறுசு" என்றார். பந்தியே சிரித்தது. சிரிக்காதவர் பூவராகவன் ஒருவர்தான். "இந்த ஆள் வந்து என் வூட்டு வாசப்படி ஏறாம நான் அவர் வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று அன்றைக்குச் சபதம் போட்டார். கேட்டுவிட்டுத் தாண்டவராயனும் அதையே திருப்பிச் சொன்னார். சம்பந்திகள் இருவரும் பிடிவாதத்தில் ஒரே ஜாதகம். குழந்தை பிறந்து செஞ்சியில் ஐந்து மாதம் இருந்தபோதுகூட தாண்டவராயன் எட்டிப் பார்க்கவில்லை. கடலூருக்குப் போன பிறகு பூவராகவன் எட்டிப் பார்க்கவில்லை.

வரும் வெள்ளிக்கிழமை குழந்தைக்கு ஆண்டு நிறைவு. பத்திரிகை பத்து நாள் முன்பே வந்துவிட்டது. பூவராகவன் அதைப் பிரிக்காமலே மேசை இழுப்பறையில் வைத்திருந்தார். பிரிக்காமல் என்றால், நீலாவதி பார்க்கப் பிரிக்காமல். பார்க்காதபோது ஏழு தடவை பிரித்தாகிவிட்டது. ராத்திரி சாப்பாடு இறங்குவதில்லை. குழந்தை நடக்கிறாளாம் என்று சாரதா எழுதியிருந்தாள். நடக்கிற குழந்தையை அவர் இன்னும் பார்க்கவில்லை. சபதம் போட்ட நாக்கை அறுத்துப் போடலாம் போல இருந்தது. ஆனால் ஆண்பிள்ளை, அதிலும் கடைத்தெரு ஆண்பிள்ளை, சொன்ன சொல்லை எப்படித் திரும்ப விழுங்குவது?

சிங்கவரத்திலிருந்து திரும்பியபோது பிற்பகலாகிவிட்டது. பக்கத்து வீட்டு ரத்தினம்மாள் முறத்தில் மல்லாட்டை புடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா அண்ணே, உங்க வூட்டு வாசல்ல ஜீப்பு நின்னுச்சே?"

உள்ளேயிருந்து நீலாவதியின் குரல் வந்தது. "மலேரியாவுக்கு மருந்து அடிக்கற ஜீப்பு, ரத்தினம்மா."

"எங்க வூட்டுக்கு அடிக்கலியே?"

"உங்க வூட்ல கொசு இல்லியாம்."

பூவராகவன் கொல்லைக்கு ஓடினார். கொப்பரை காலி. நீலாவதி கூடத்தின் மூலையைக் காட்டினாள். தகரப் பெட்டி பூட்டப்பட்டு, மேலே ஈரச் சாக்கு போர்த்தியிருந்தது. சாவி அவள் முந்தானையில்.

"ஊறப்போட்டது தப்பாம். எல்லாத்தையும் எடுத்துத் தொடச்சு, மெழுகுத்துணியில சுத்தி, உள்ள வெச்சுப் பூட்டிட்டேன். தொறக்காதீங்க. ஆட்டாதீங்க. கிட்டவே போவாதீங்க."

"நீயா எடுத்தே? கையாலயா?" அவள் இரண்டு கையையும் பிடித்துப் புரட்டிப் பார்த்தார். "உனக்கு ஒண்ணு ஆயிருந்தா?"

"ஆகலியே." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இதைத் துறைமுக ஆபீஸ்லதான் குடுக்கணுமாம். விசாரிச்சேன். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மேலதான் வாங்குவாங்களாம். நீங்க போவ வேணாம். உங்களுக்கு அந்த ஆபீஸ் ஆகாது. நானே எடுத்துட்டுப் போறேன்."

"பொம்பளை வெடி தூக்கிட்டுக் கடலூர் போறதா? நான் ஒருத்தன் கல்லு மாதிரி இருக்கறப்போ?"

"சபதம்?"

"சபதம் வூட்டு வாசப்படிக்குத்தான். ஆபீஸ் வாசப்படிக்கு இல்ல. குடுப்பேன், ரசீது வாங்குவேன், வந்துட்டே இருப்பேன்."

"அதுவும் சரிதான். அவங்க வூடு அதே தெருக்கோடிலதான் இருக்குது. அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்காதீங்க."

"நான் ஏன் பாக்கறேன்?"

"பஸ்ல வேணாங்க. பஸ்ல நாலு ஜனம் இருக்கும். பாவாடை வண்டியில மெதுவாப் போங்க. ஆட்டக்கூடாது, சாய்க்கக்கூடாது, வெயில்ல வெக்கக்கூடாது. பக்கத்துல பீடி கீடி வேணவே வேணாம்."

பாவாடை அந்தத் தெருவுக்கெல்லாம் பாரம் ஏற்றுகிற மாட்டு வண்டிக்காரர். புதன்கிழமை விடிந்ததும் வண்டி வந்தது. வைக்கோல் கூடாது என்று பூவராகவன் ஆற்று மணலைக் கொட்டிப் பரப்பினார். இருவருமாகப் பெட்டியைத் தூக்கி மணலில் இறக்கினார்கள். மூன்று வருஷத்துக்கு முன் ஒற்றைக் கையால் பரணில் ஏற்றிய பெட்டி இப்போது தோளை முறித்தது.

"கனம் கூடியிருக்குதே?"

"ஊறினா கனக்காதா?" என்றாள் நீலாவதி.

நியாயம்தான் என்று அவருக்குப் பட்டது. தம்முடைய துண்டுக்குள் ஒரு பொட்டலத்தை அவள் பார்க்காமல் செருகிக்கொண்டார். இரண்டு ராத்திரி கண் விழித்துத் திரித்த பஞ்சுக் கயிறு, குழந்தை ஊஞ்சலுக்கு. ஆபீஸ் காவல்காரன் மூலமாகக் கொடுத்தனுப்பிவிடலாம் என்பது திட்டம். வண்டி நகரும்போது நீலாவதி பாவாடையிடம் ஏதோ சொல்லி ஒரு சின்னப் பொட்டலம் கொடுத்தாள். வெற்றிலை பாக்காக இருக்கும்.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். பூவராகவனுக்குக் கனம் வண்டி நிறைய இருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும், "மெதுவா, பாவாடை, மெதுவா" என்று கண்ணை மூடிக்கொள்வார். முன்னாலோ பின்னாலோ பஸ் வந்தால் வண்டியை ஓரங்கட்டி, தாமே இறங்கி நடுவில் நின்று கையைக் காட்டி பஸ்ஸை மெதுவாகப் போகச் சொல்வார். பின்னாலிருந்து வந்த ஒரு பஸ் அப்படி அவரைக் கடந்து போனபோது உள்ளே பட்டுப் புடவை ஒன்று சட்டென்று குனிந்த மாதிரி இருந்தது. வெயிலில் கண் கூசியதாக நினைத்துக்கொண்டார்.

"அய்யா, ஒரே ஒரு பீடி. இறங்கித் தூரமாப் போய்க் குடிச்சுட்டு வந்துடறேன்."

"கூடாது. உன் துணியில பொறி ஒட்டிக்கிட்டு வரும்."

"பொட்டில இன்னாதான் இருக்குதுங்க?"

"உனக்குத் தெரியாம இருக்கறதுதான் உனக்கு நல்லது, பாவாடை. வழியில எனக்கு ஒண்ணு ஆயிட்டா பொட்டியை உட்டுட்டு ஓடு. மாட்டை மட்டும் அவுத்துட்டு ஓடு."

பாவாடை ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல், வாயில் எதையோ அதக்கிக்கொண்டு மாட்டை ஓட்டினார். அவர் கண் கலங்கியிருப்பதாகப் பூவராகவனுக்குத் தோன்றியது.

விழுப்புரம் தாண்டி, பண்ருட்டிக்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தியபோதுதான் எறும்பைப் பார்த்தார். சக்கரத்தில் ஏறி, மணலைக் கடந்து, பெட்டியின் மூடி இடுக்குக்குள் ஒரு சாரி போய்க்கொண்டிருந்தது. பூவராகவனுக்கு மனசு பொறுக்கவில்லை. குனிந்து ஊதினார். "போங்க. போங்க சொல்றேன். உள்ள போனா பஸ்பம்தான். உங்களுக்கும் புள்ளை குட்டி இருக்கும்." ஊத ஊத எறும்பு வந்தது. துண்டின் நுனியால் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டார். லேசாக நெய் வாசனைகூட வந்தது. மெழுகுத்துணிக்கு அப்படியொரு வாசனை உண்டாக்கும் என்று நினைத்தார். பாவாடை மரத்துக்கு அந்தண்டைப் பக்கம் போய் நின்றுகொண்டு ரொம்ப நேரம் இருமினார்.

வெள்ளிக்கிழமை, பதினோரு மணிக்குக் கடலூர் துறைமுக ஆபீஸ் வாசல். வெயில் கொளுத்தியது. காவல்காரர் முக்காலியை விட்டு எழுந்திருக்கவேயில்லை.

"வெடி சமாச்சாரமா? ஸ்டோர் கீப்பர் கையெழுத்து வேணும். அவர் இன்னைக்கு லீவு. வூட்ல பேத்திக்கு ஆண்டு நெறைவு."

"பொட்டியை இப்படி நெழல்ல வெச்சுட்டுப் போறேனே?"

"ஆபீஸ்க்குள்ள வெக்கக்கூடாது."

"வெயில்ல வெக்கக்கூடாதுங்க!"

"அப்ப வூட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. தெருக்கோடி. பூவரச மரம் நிக்கும்."

பூவராகவன் வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்தச் சொன்னார். ஜனம் இருக்கிற தெருவுக்குள் மாடு மிரண்டால் என்ன ஆவது? பெட்டியை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டார். நூறு தப்படி. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. பூவரச மரத்தின் சொற்ப நிழலில், வாசலுக்கு இருபதடி தள்ளி நின்றார். வாசலில் மாவிலைத் தோரணம். உள்ளே நாதஸ்வரத்துக்குப் பதில் ரேடியோ.

தாண்டவராயன் வெளியே வந்தார். ஆறடி உயரம், வெண்கலத் தொண்டை.

"வாங்க சம்பந்தி. உள்ள வாங்க."

"வரமாட்டேன்."

"இன்னுமா அந்தக் கோவம்?"

"கோவம் இல்லிங்க." சொன்ன பிறகுதான் அது நிஜமென்று பூவராகவனுக்கே தெரிந்தது. "உள்ள குழந்தை இருக்குது. இந்தப் பொட்டியோட நான் உள்ள வரமாட்டேன். நீங்க எல்லாரையும் கொல்லைப்பக்கமா அனுப்பிட்டு, மணல் வாளி எடுத்துட்டுத் தனியா வாங்க. சீக்கிரம். எனக்குக் கை நழுவுது."

"பொட்டில இன்னா இருக்குதுன்னு உங்களுக்குத்..."

"எனக்குத் தெரியும்! தள்ளி நில்லுங்க!"

அப்போது நிலைப்படியில் ஒரு சிவப்புப் பாவாடை தெரிந்தது. குழந்தை. இரண்டு கையையும் விரித்து, ஒரு அடி, நின்று யோசித்து, இன்னொரு அடி. படியில் உட்கார்ந்து இறங்கி, தெருவுக்கு வந்து, நேராக அவரைப் பார்த்து நடந்தாள். பூவராகவன் பின்வாங்கினார். அவள் முன்னேறினாள். அவர் மரத்தைச் சுற்றினார். அவளும் சுற்றினாள். செஞ்சிக் கடைத்தெருவில் நாற்பது வருஷமாக யாருக்கும் வளைந்து கொடுக்காத மனிதர், மூன்று பல் முளைத்த ஒரு குழந்தைக்குப் பயந்து, மார்பில் பெட்டியோடு கடலூர் வீதியில் பின்னோக்கி நடந்துகொண்டிருந்தார். வாசலில் கூடிய ஜனம் சிரித்தது.

"சாரதா! பாப்பாவைத் தூக்கு! அடியே, யாராவது தூக்குங்களேன்! கிட்ட வருதே... வேணாம்டி கண்ணு, கிட்ட வராதடி, ஆயிரம் பேர் இருக்காங்க, அவங்ககிட்ட போ..."

மகள் சாரதா ஓடிவந்தாள். சிரித்துக்கொண்டு வந்தவள் அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். அவர் கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்துகொண்டிருந்தது; துடைக்கக் கை இல்லை.

"நைனா, பொட்டியைக் கீழ வைங்க. ஒண்ணும் ஆவாது."

"நீ போ! குழந்தையைத் தூக்கிட்டுப் போ!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பட்டுப் புடவை ஒன்று வந்தது. பூவராகவன் அந்தப் புடவையைப் பார்த்தார். அதற்குள் இருந்த நீலாவதியைப் பார்த்தார். அவர் மூளை எதையும் வாங்கிக்கொள்ள மறுத்தது. அவள் அவர் கையிலிருந்த பெட்டியைத் தாங்கித் தரையில் இறக்கி, முந்தானைச் சாவியால் திறந்தாள்.

அதிரசம். முறுக்கு. மல்லாட்டை உருண்டை. நெய்ச் சொம்பு ஒன்று. வெல்லம், சேமியா, முந்திரி, திராட்சை, ஒரு பெரிய பந்திக்கே ஆகிற அளவு. குழந்தைக்குப் பட்டுப் பாவாடையும் வெள்ளிக் கொலுசும். இவற்றின்மேல், எவ்வளவு ஊதியும் போகாத எறும்பு.

பூவராகவன் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

"வாணம்?" என்றார்.

"நீங்க ஊறப்போட்டீங்களே, அன்னைக்கே டேசன்ல எழுதிக் குடுத்துட்டேன். அவங்க துறைமுகத்துக்குப் போன் போட்டாங்க. நீங்க சிங்கவரம் போன அன்னைக்கு ஜீப்பு வந்து, மணல்ல வெச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"மலேரியா ஜீப்பா?"

"மலேரியா ஜீப்புல சம்பந்தி எதுக்கு வராரு?"

பூவராகவன் தாண்டவராயனை நிமிர்ந்து பார்த்தார். வெண்கலத் தொண்டை இப்போது தாழ்ந்திருந்தது.

"ஆளுங்களை அனுப்பியிருக்கலாம். ஆனா நம்ம புள்ளை பொறந்து படுத்திருந்த வூடுன்னு சொன்னாங்க. எனக்கு மனசு கேக்கலை. நானே ஒவ்வொண்ணா எடுத்து மணல்ல வெச்சேன். ரெண்டு கசிஞ்சிருந்துச்சு. இன்னொரு கோடையை அது தாங்கியிருக்காது, சம்பந்தி."

கசிந்திருந்த இரண்டும் பூவராகவன் கண்முன் வந்தன. தூளிக் கயிறும் வந்தது. எவரைப் பார்க்கக்கூடாது என்று சபதம் போட்டாரோ அவர்தான் தம் வீட்டுக் கூரைக்குக் கீழே இருந்த எமனைக் கையால் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட நன்றி பெரிதாக இருந்தது.

"காப்பாத்துங்கன்னு விடற வாணம் நம்ம வூட்ல இருந்துச்சு" என்றாள் நீலாவதி மெதுவாக. "நாம விடலை. ஆனாலும் அவர் வந்தாரு. உங்க சபதத்துப்படி அவர்தான் மொதல்ல வாசப்படி ஏறினாரு. நான் பாயசம் வெச்சுக் குடுத்தேன். நாலு டம்ளர் குடிச்சாரு."

"அஞ்சு" என்றார் தாண்டவராயன். "அண்டாவைப் பத்தி அன்னைக்குச் சொன்னது தப்பு."

பூவராகவன் எழுந்தார். துண்டை அவிழ்த்து, பஞ்சுக் கயிற்றை எடுத்துச் சாரதாவிடம் கொடுத்தார். குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அவள் அவர் மூக்கைப் பிடித்து இழுத்தாள். வாசப்படியை மிதித்து உள்ளே போனார். அன்று பாயசம் மூன்று சுற்று வந்தது. மூன்று சுற்றும் முதல் இலை தாண்டவராயனுக்கு, பரிமாறியவர் பூவராகவன்.

பந்தி முடிந்து வெளியே வந்தபோது பாவாடை வண்டி நிழலில் சாய்ந்து, மூன்று நாளில் முதல் பீடியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். பூவராகவனுக்கு அவர்மேல் பெரிய பாசம் பொங்கியது. இந்த உலகத்தில் தம்மைப் போலவே ஏமாந்த ஜீவன் இன்னொன்று இருக்கிறதே என்ற ஆறுதல். பக்கத்தில் போய் உட்கார்ந்து, தோளில் கை போட்டார்.

"போனாப் போவுது, பாவாடை. ஒரு பொம்பளைகிட்ட நாம ரெண்டு பேரும் நல்லா ஏமாந்துட்டோம்."

பாவாடை பீடிப் புகையை மரியாதையாக அந்தண்டைப் பக்கம் விட்டார்.

"நாம ரெண்டு பேருமா, அய்யா? பொறப்படறப்பவே அம்மா எனக்கு அதுல ஆறு அதிரசம் எடுத்துக் குடுத்தாங்களே!"